பல் தெரிந்த சிரிப்பு

பாத்திரம் கழுவக் குசினிப் பைப்பைத் தொட்டதும் விரல்நுனியில் எறும்பு கடித்த மாதிரி இருந்தது. றம்ஸியா கையை உதறிப் பார்த்தாள். எறும்பைக் காணவில்லை.

"நானா, பைப்பில கரண்ட் அடிக்குது."

கூடப்பிறந்த மூத்தவன் நூஹு தொப்பியைத் தலையில் வைத்தபடி வந்து பைப்பைப் பிடித்துக் காட்டினான். "எங்கால கரண்ட்? மையத்து எடுத்த அண்டைக்கே மீட்டரக் கழட்டிட்டாங்களே. மனசப் போட்டுக் கொழப்பாத புள்ள. மஃரிப் தொழுதுட்டு ஓடி வாறன்."

அவன் போய்விட்டான். புருஷன் மௌத்தாகி இருபதே நாள். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு இறங்காமல் இத்தாவில் இருப்பவள் எங்கே போவாள்? வேலிக்கு அப்பால் இறால் குளத்தில் உப்புத் தண்ணீர் அழுகி, அந்த வாடை களப்புக் காற்றோடு ஜன்னல் துணியைத் தள்ளிக்கொண்டு வந்து, மூன்று வயது மகள் அப்ராவின் கழுவிய தலைமயிரில்கூட ஏறியிருந்தது.

அந்தக் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுதான் அவள் புருஷன் முஆஸ் மோட்டர் வயரைப் பிடித்தான். றம்ஸியா சோற்றோடு கரையில் நின்றாள். அவன் பல்லைக் காட்டி அவளையே பார்த்தான். கரண்ட் அடித்ததாக நடித்து அவளை அலறவைப்பது அவனுக்கு வழக்கம்.

"போதும் ஒங்கட பகிடி," என்று அவளும் சிரித்தாள். ஒரு நிமிடம் முழுதாக நின்று சிரித்தாள்.

கரண்ட் பிடித்தால் கை தானாக இறுகிவிடும், தாடை பூட்டிக்கொள்ளும், தொண்டையில் சத்தம் வராது, நெஞ்சு தாளம் தப்பித் துடித்து நின்றுபோகும் என்று பிறகு டாக்டர் சொன்னார். அவன் சிரிக்கவேயில்லை. அவளைக் கூப்பிட்டிருக்கிறான். இதை அவள் நானாவிடம்கூடச் சொல்லவில்லை.

அவள் வீட்டில் மஃரிப் தொழுது முடித்துச் சலாம் கொடுத்தபோது குளத்துப் பக்கம் மோட்டர் இரைந்தது. சளக், சளக் என்று தண்ணீர் அடிபட்டது. அந்த மோட்டர் கழற்றப்பட்டு விறகுக் கொட்டிலில் கிடந்தது. மயிர் கருகும் மணம் வந்தது.

"அப்ரா?"

குசினிக்கு ஓடினாள். பிள்ளை கதிரையில் ஏறிப் பைப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். தரையெல்லாம் தண்ணீர். முகம் உம்மாவின் பக்கம். பால்பற்கள் அத்தனையும் தெரிந்தன.

இந்த முறை றம்ஸியாவுக்கு விளங்கியது. இந்த முறை நிற்கமாட்டாள். மூலையில் வீடு கூட்டுகிற காய்ந்த தும்புத்தடி இருந்தது. பிள்ளையைப் பைப்பிலிருந்து தட்டிவிட அதை எட்டினாள்.

கால் ஈரத்தில் பட்டது.

கால் வரவில்லை. கை இறுகியது. தாடை பூட்டியது. கத்தினாள். சத்தம் இல்லை.

வாசலில் நூஹு. உம்மாவும் மகளும் பல் தெரிய ஒருவரையொருவர் பார்த்து நிற்பதைக் கண்டு அவன் முகம் மலர்ந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! இப்பத்தான் சிரிக்கிறாய் புள்ள," என்றவன், கையைக் கட்டிக்கொண்டு, ஆசையோடு பார்த்து நின்றான்.