பூனைக்குத் தொண்ணூற்றெட்டு

நறுமுகைக்கு இந்த மாதமும் அகமானியில் நாற்பத்தேழுதான்.

"எதிர்வீட்டு சஷ்டிகா தொண்ணூறு! உனக்கு என்னடி கேடு?" அப்பா தர்ஷன் கைபேசியை ஆட்டிக்கொண்டு கத்தினான். கத்தி முடிப்பதற்குள் எண் நாற்பத்தைந்தாகிவிட்டது. அதற்கும் ஒரு கிள்ளு விழுந்தது.

அகமானி என்பது பிள்ளைகளின் மணிக்கட்டில் கட்டும் பட்டை. அரசாங்கம் நல்ல மனதோடுதான் கொண்டுவந்தது. அடி வாங்கும் பிள்ளை, வசவு கேட்கும் பிள்ளை, வீடு நிறைய ஆளிருந்தும் யாரும் கண்டுகொள்ளாத பிள்ளை, எதுவும் வாய்விட்டுச் சொல்லாது. உடம்பு சொல்லிவிடும். தூக்கம் கெடும், கதவு சாத்தும் சத்தத்துக்கே நெஞ்சு படபடக்கும், பாடம் மண்டையில் ஏறாது. பட்டை அதையெல்லாம் கணக்கிட்டு நூற்றுக்கு இத்தனை என்று பெற்றோர் கைபேசிக்கு அனுப்பும். நாற்பதுக்குக் கீழே போனால் மணி அடிக்கும். குழந்தைக் காப்பு அலுவலர் கதவைத் தட்டுவார்.

நூற்றுக்கு இத்தனை! நம் ஆட்கள் கையில் அப்படி ஓர் எண்ணைக் கொடுக்கலாமா? பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். பள்ளிகள் தரவரிசை ஒட்டின. தெருவுக்குத் தெரு மகிழ்ச்சி டியூஷன் முளைத்தது. ஒன்பது வயது நறுமுகையை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பி உட்காரவைத்து, "சிரி! வாய்விட்டுச் சிரி! சிரிக்கப்போறியா, பெல்ட்டை எடுக்கவா?" என்று பாடம் நடந்தது. அம்மா யாழினி பக்கத்தில் நின்று, எண் ஏறுகிறதா என்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் அதிசயம் நடந்தது. தொண்ணூற்றெட்டு! அதற்கடுத்த இரண்டு மாதமும் அதே.

"அடியாத மாடு படியாதுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்று தர்ஷன் லிஃப்டில் ஏறுபவர்களிடமெல்லாம் சொன்னான். பள்ளி ஆண்டு விழாவில் சிறந்த பெற்றோர் விருது. காப்பு அலுவலர் ரெஹானா பேகமே வந்து பொன்னாடை போர்த்தினார்.

"பட்டையை எல்லாருக்கும் காட்டும்மா," என்றார் ரெஹானா.

நறுமுகை கையைத் தூக்கினாள். வெறுங்கை.

"அது உருண்டை கழுத்துல இருக்கு மேடம். எங்க வீட்டுப் பூனை."

ரெஹானா குனிந்து அந்தக் கையைப் பார்த்தார்.

"எப்போலேர்ந்து?"

"மூணு மாசமா. அப்பா கிள்ளுறது நிக்கணும்னு கட்டிவிட்டேன். யாருமே என் கையைப் பார்க்கல. எல்லாரும் போனைத்தான் பார்த்தாங்க." அவள் கொஞ்சம் யோசித்தாள். "உருண்டைக்கு எப்பவும் நல்ல மார்க்குதான் மேடம். நாள் பூரா தூங்கினாலும் 'பாவம், தூங்கட்டும்'பாங்க. எதிர்வீட்டுப் பூனையைப் பாருன்னு ஒரு நாளும் சொன்னதில்ல."

யாழினி மகளின் கையைப் பிடித்துத் திருப்பினாள். முழங்கைக்கு மேலே பழைய கிள்ளுத் தழும்புகள், நான்கு. மூன்று மாதமாக இந்தக் கைக்குத்தான் சோறு போட்டிருக்கிறாள்.

ரெஹானா தன் பையிலிருந்து புதுப் பட்டை ஒன்றை எடுத்துக் கட்டினார். மேடைத் திரையில் இரண்டு எண்கள் தெரிந்தன: உருண்டை 98, நறுமுகை 41.

தர்ஷனுக்கு மானம் போயிற்று. ஊரே பார்க்கிறதே என்ற பதற்றத்தில், பழகிய வாய் தானாகத் திறந்தது.

"ஒரு பூனை தொண்ணூத்தெட்டு வாங்குது! அதைப் பார்த்தாவது கத்துக்கக் கூடாதாடி?"

நாற்பத்தொன்று முப்பத்தொன்பதாக இறங்கியது. அரங்கம் அதிர மணி அடித்தது.

ரெஹானாவுக்கு அன்று கதவைத் தட்டும் வேலை மிச்சம். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பொன்னாடையை மடிச்சு அப்படி வச்சிட்டு, வந்து உட்காருங்க சார். பேசணும்."