இரண்டு கிற்றாருக்கு ஒரு பை

டிலக்ஷியின் பேஸ் கிற்றார் சிவப்பு. சும்மா சிவப்பு இல்லை, வெயிலில் பிடித்தால் கண் கூசுகிற சிவப்பு. அமலினியின் பேஸ் கிற்றார் மண்ணிறம். அதுவும் ஒரு மூலையில் நிறம் உரிந்து போனது.

அமலினியின் வயிற்றெரிச்சலுக்கு முதல் காரணம் அதுதான். இன்னும் காரணங்கள் இருந்தன. கேட்டால் நாள் முழுக்கச் சொல்வாள்.

இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் சீசா என்ற பகுதியில் அமலினியின் வீடு. போன வருடம் நத்தார்ப் பண்டிகைக்கு முன்னால் மாதா கோயில் மண்டபத்தில் ஒளிவிழா நடந்தபோது, தமிழ் இசைக்குழுவில் பேஸ் வாசித்தவள் அவள் ஒருத்திதான். நான்கு தடித்த கம்பிகள். தட்டினால் 'டும் டும்' என்று நெஞ்சுக்குள் கேட்கும். "எங்கடை பேஸ்காரப் பிள்ளை" என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தப் பெயர் அவளுக்குப் புதுச்சட்டையைவிடப் பிடித்திருந்தது.

இந்த வருடம் டிலக்ஷியும் குழுவில் வந்து சேர்ந்தாள்.

டிலக்ஷியின் வீடு தூரத்தில், பிரான்காச்சோவில். அவளுடைய அம்மா நிசாந்திக்கு சீசாவில் ஓர் இத்தாலிய சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் வேலை கிடைத்தது. அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் டிலக்ஷி நேரே அமலினியின் வீட்டுக்கு வந்துவிடுவாள். பிரான்சிலிருந்து மாமா அனுப்பிய சிவப்புக் கிற்றாரும் அவளோடு வந்து, அமலினியின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே குடியேறிவிட்டது.

"வடிவாச் சாப்பிடு பிள்ளை" என்று அமலினியின் அம்மா மாக்கிரட், டிலக்ஷியின் சாப்பாட்டுக் கோப்பையில்தான் முதலில் மீன் வைப்பார். இது இரண்டாவது காரணம்.

மூன்றாவது, டிலக்ஷி உயரம். அதே வயது, அதே வகுப்பு, ஆனால் ஒரு தலை உயரம். இது அநியாயம் இல்லையா?

இதெல்லாம் போதாதென்று, இசைக்குழுவை நடத்தும் பீலிக்ஸ் மாஸ்ரர் இன்னொன்று சொன்னார்.

"ஒளிவிழாவிலை கடைசிப் பாட்டுக்கு விளக்கெல்லாம் அணைச்சு, மெழுகுதிரி ஏத்துவம் தெரியும்தானே? அதுக்கு ஒரு பேஸ்தான் வேணும். சனிக்கிழமை ரெண்டு பேரும் வாசியுங்கோ. ஆர் எண்டு அதுக்குப் பிறகு சொல்லுறன்."

அந்தக் கடைசிப் பாட்டை அமலினி ஒரு வருடமாகக் கனவில்கூட வாசித்து வருகிறாள். இப்போது அதற்கும் போட்டியா?

"இன்னுமொண்டு. ஆளுக்கொரு மூட்டையோடை பஸ் ஏறாதேங்கோ. போன கிழமை ஒருத்தற்றை மூக்குக்கண்ணாடியைத் தட்டி விழுத்திப்போட்டியள். ரெண்டு கிற்றாரும் போடுற பை ஒண்டு இசைக்குழு வாங்கித் தரும். ரெண்டு பேருமாப் போய், ரெண்டு பேருக்கும் பிடிச்சதாப் பாருங்கோ" என்றார் மாஸ்ரர்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா இரண்டு கிற்றாரையும் ஒன்றாக நிறுத்தி, தன்னுடைய பழைய நாவல் நிறச் சேலையால் தலை முதல் கால்வரை சுற்றிக் கட்டினார். மூன்று பேரும் கடைக்குப் போக பஸ் ஏறினார்கள்.

பஸ்ஸில் ஒரு வயதான சிஞ்ஞோரா சேலை மூட்டையைப் பார்த்தார். உடனே எழுந்து இடம் விட்டார். சிலுவை அடையாளமும் போட்டுக்கொண்டார்.

"எந்தப் புனிதையைக் கொண்டு போகிறீர்கள்? சாந்தா ரொசாலியாவா?" என்று இத்தாலிய மொழியில் பயபக்தியோடு கேட்டார்.

"இல்லை சிஞ்ஞோரா, இரண்டு கிற்றார்" என்றார் அம்மா.

சிஞ்ஞோரா யோசித்தார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று சேலையைத் தொட்டு விரலை முத்தமிட்டார். டிலக்ஷி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அமலினிக்கும் சிரிப்பு வந்தது. அந்த நேரம் பார்த்து சேலை விலகி, சிவப்புக் கிற்றாரின் தலை எட்டிப் பார்த்தது.

"எவ்வளவு அழகு!" என்றார் சிஞ்ஞோரா.

அமலினியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

இசைக்கருவிக் கடையில் ஒரு பையன் மேளங்களை வரிசையாக அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். காது கிழிந்தது. கடைக்காரர் கயெத்தானோ அவனைக் கவனிக்கிற அவசரத்தில், சுவரில் தொங்கிய பைகளைக் கையால் காட்டினார்.

"இரண்டு போடுகிற பைகள் அங்கே இருக்கின்றன. போட்டுப் பாருங்கள்."

முதலாவது கறுப்புப் பை. பெரியது, தடிப்பானது. உள்ளே இரண்டு அறைகள். இரண்டு கிற்றாரும் அதற்குள் சொகுசாகப் படுத்துக்கொண்டன. டிலக்ஷி அதை முதுகில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். உயரமான பிள்ளை, உயரமான பை. தொலைக்காட்சியில் வருகிற பாட்டுக்காரி மாதிரி இருந்தாள்.

"பிராவா! இதோ ஒரு பெரிய பாஸிஸ்தா!" என்று கயெத்தானோ மேளச் சத்தத்துக்கு மேலால் கத்தினார்.

பாஸிஸ்தா என்றால் பேஸ்காரி. அமலினியின் பெயர் அது! யாரைக் கேட்டு இவளுக்குக் கொடுக்கிறார்?

"கழட்டு. நான் போட்டுப் பாக்கப் போறன்" என்றாள் அமலினி.

மாட்டினாள். பை அவளுடைய முழங்காலுக்குக் கீழே தொங்கியது. ஒரு அடி எடுத்து வைத்தாள். பை பின்னால் இழுத்தது. அடுத்த நொடி அவள் பையின் மேல் மல்லாந்து, கையையும் காலையும் ஆட்டிக்கொண்டு கிடந்தாள், கவிழ்த்துப் போட்ட ஆமை மாதிரி.

அம்மா சிரித்தார். கயெத்தானோ சிரித்தார். மேளம் அடித்தவன்கூடக் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தான். டிலக்ஷி ஓடி வந்து தூக்கிவிட்டாள். ஆனால் அவளும் சிரித்தபடிதான் தூக்கினாள்.

"எனக்கு இந்தப் பை பிடிக்கேல்லை. கறுப்பு. செத்தவீட்டுக்குப் போற மாதிரிக் கிடக்கு" என்றாள் அமலினி.

"பரவாயில்லை, வேறை பாப்பம்" என்றாள் டிலக்ஷி. ஆனால் அவளுடைய கண் கறுப்புப் பையிலேயே நின்றது.

இரண்டாவது நீலப் பை. சின்னது, மெல்லியது, தோள்பட்டியைச் சுருக்கலாம். அமலினி தன் கிற்றாரை வைத்தாள். அளவாக இருந்தது. டிலக்ஷி தன்னுடையதை வைத்தாள். தலை மேலே முட்டியது. அழுத்தி, நெளித்து, ஒரு மாதிரி சிப்பை இழுத்து மூடினாள்.

அமலினி மாட்டிப் பார்த்தாள். பாரம் இருந்ததுதான். ஆனால் விழவில்லை! கண்ணாடியில் ஒரு பாஸிஸ்தா தெரிந்தாள். அது அவளேதான்.

"எனக்கு இதுதான் வேணும்!" என்றாள்.

"அப்ப இதையே எடுப்பம் அன்ரி. அமலினிக்கு நல்லாக் கிடக்கு" என்றாள் டிலக்ஷி.

"நல்லதாப் போச்சு. சண்டை வருமெண்டு நினைச்சன்" என்று அம்மா கயெத்தானோவைக் கூப்பிடப் போனார்.

பையைக் கழற்றி வைக்கும்போதுதான் அமலினி அதில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள். ஆறு கம்பிக் கிற்றாரின் படம். இது பேஸுக்கான பை இல்லை! பேஸ் கிற்றாரின் கழுத்து நீளம். அமலினியுடையது பிள்ளைகளுக்கான சின்ன பேஸ் என்பதால் உள்ளே அடங்கிவிட்டது. டிலக்ஷியுடையது பெரியவர்களின் அளவு.

அமலினி குனிந்து பார்த்தாள். சிவப்புக் கிற்றாரின் தலையில் கம்பிகளை முறுக்குகிற சாவிகள் துணியோடு நெரிபட்டுக்கொண்டிருந்தன. இந்தப் பையில் போட்டு ஒரு தரம் பஸ்ஸில் குலுங்கினாலே போதும். சாவி நெளியும். சுருதி ஓடிவிடும். டிலக்ஷி பேஸுக்குப் புதிது, அவளுக்கு அது தெரியாது. அவள் வாசிக்கத் தொடங்கியதுமே பீலிக்ஸ் மாஸ்ரர் முகத்தைச் சுளிப்பார்.

பிறகு கடைசிப் பாட்டு யாருக்கு?

அமலினி ஒரு பொய்யும் சொல்லத் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

டிலக்ஷி பையைத் திறந்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். அந்தப் பையில் கிற்றாரின் கழுத்துக்கு வைக்க ஒரே ஒரு குட்டித் தலையணைதான் இருந்தது. அதை எடுத்து மண்ணிறக் கிற்றாரின் கழுத்துக்குக் கீழே கவனமாக வைத்தாள்.

"ஏன் என்ரைக்கு வைக்கிறாய்?" என்று அமலினி கேட்டாள்.

"உன்ரைக்குத்தானே வயசு போட்டுது. பாவம், நோகும்."

வயது போய்விட்டதா? அமலினிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நக்கலா என்று டிலக்ஷியின் முகத்தைப் பார்த்தாள். நக்கல் இல்லை. காய்ச்சல்காரருக்குப் போர்வை போர்த்துகிற மாதிரி, அவள் தலையணையைத் தட்டித் தட்டிச் சரி செய்துகொண்டிருந்தாள்.

சீ, இவளோடு ஒழுங்காகக் கோபிக்கக்கூட முடியவில்லையே!

"அம்மா! இந்தப் பை வேண்டாம்!" என்று அமலினி கத்தினாள். "இவளின்ரை தலை இடிக்குது!"

அம்மா பதறி ஓடி வந்தார். "ஆற்றை தலை? ரத்தம் வந்ததோ?"

"கிற்றாரின்ரை தலை அம்மா!"

அட்டையைக் காட்டி, சாவிகளைக் காட்டி, அமலினி விளக்கினாள்.

டிலக்ஷி தயங்கினாள். "உனக்கு இதுதானே பிடிச்சது..."

"விசர்க் கதை கதையாதை. சாவி நெளிஞ்சால் எப்பிடி வாசிப்பாய்?"

சொன்ன பிறகு, ஏன் சொன்னோம் என்று அவளுக்கு ஒரு கணம் அழுகை வந்தது. ஆனால் அந்தச் சாவிகள் நெரிபடாமல் வெளியே வந்தபோது ஒரு நிம்மதியும் வந்தது. இரண்டும் ஒன்றாகவே வந்தன.

கடையில் மிஞ்சியது கறுப்புப் பைதான். செத்தவீட்டுப் பையையே வாங்கினார்கள்.

டிலக்ஷி அதை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். தெரு முனைக்கு வருவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. பட்டிகள் தோளை அழுத்தின. உயரமாக இருந்தாலும் அவளும் சின்னப் பிள்ளைதானே? ஆனால் நிற்காமல் நடந்தாள்.

பின்னால் வந்த அமலினி பையை மேலும் கீழும் பார்த்தாள். பையின் தலையில் ஒரு கைப்பிடி. அடியிலும் ஒரு கைப்பிடி! அடிப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள்.

"இப்ப எப்பிடி?"

"ஐயோ, பாரமே இல்லை!" என்றாள் டிலக்ஷி.

கோயில் மண்டபத்துக்குப் பல்லரோச் சந்தைக்குள்ளால் போக வேண்டும். கத்தரிக்காய்க் குவியல்கள், மீன் பெட்டிகள், கூவுகிற வியாபாரிகள். எல்லாரும் முன்னால் வந்த டிலக்ஷியைப் பார்த்தார்கள்.

"பாஸிஸ்தா! எங்களுக்கும் ஒரு பாட்டு வாசி!" என்று மீன்காரர் கத்தினார்.

பைக்குப் பின்னால் இன்னொரு பிள்ளை குனிந்து வருவது யாருக்கும் தெரியவில்லை. அமலினியின் வயிறு மறுபடியும் எரியத் தொடங்கியது. ஒரு கத்தரிக்காய்கூட என்னைப் பார்க்கவில்லையே!

"திரும்பிப் போகேக்கை நான்தான் போடுவன். நீ பின்னாலை தூக்கு, விழமாட்டன்" என்றாள்.

"சரி" என்றாள் டிலக்ஷி.

மண்டபத்தில் இருவரும் வாசித்தார்கள். டிலக்ஷி வேகமாக, துள்ளலாக வாசித்தாள். அமலினி மெதுவாக, ஒவ்வொரு 'டும்'மையும் அளந்து வைத்தாள். பீலிக்ஸ் மாஸ்ரர் கண்ணை மூடிக் கேட்டார்.

"துவக்கப் பாட்டு டிலக்ஷி. அதுக்கு இந்தத் துள்ளல் வேணும். கடைசிப் பாட்டு அமலினி" என்றார்.

அமலினிக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. மெழுகுதிரி! கடைசிப் பாட்டு! அவளுடைய பேஸ்! டிலக்ஷியிடம் சொல்லத் திரும்பினாள்.

டிலக்ஷி தன் கிற்றாரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தூசியே இல்லாத கிற்றாரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இடையிடையே மண்ணிறக் கிற்றாரைக் கடைக்கண்ணால் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள்.

அந்த முகத்தை அமலினிக்கு மிக நன்றாகத் தெரியும். இவ்வளவு நாளும் அதை அவள்தான் வைத்திருந்தாள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "வயித்தெரிச்சலோ?"

டிலக்ஷி பொய் சொல்லவில்லை. "ஓம்."

"கனக்கவோ?"

"கனக்க. உன்ரை கிற்றாரைக் கொண்டுபோய் அந்த மீன்காரனிட்டைக் குடுத்திட்டு வரலாம் போலை கிடக்கு."

அமலினி கோபிக்கவில்லை. இந்த வருத்தத்தைப் பற்றி அவளைவிட யாருக்குத் தெரியும்? 'பரவாயில்லை, அடுத்த வருடம் பார்ப்போம்' என்று யாராவது சொன்னால் எரிச்சல் கூடத்தான் செய்யும். இந்த வயிற்றுக்கு வேண்டியது வேறு.

கறுப்புப் பையைத் தூக்கி டிலக்ஷியின் முன்னால் வைத்தாள்.

"நீ போடு. நான் பின்னாலை தூக்கிறன்."

"உன்ரை முறையெல்லோ?"

"ஓம், என்ரை முறைதான். கெதியாப் போடு, எனக்கு மனம் மாறமுன்னம்."

டிலக்ஷி சிரித்துவிட்டாள்.

சந்தைக்குள் மறுபடியும் நுழைந்தார்கள். "பாஸிஸ்தா!" என்று மீன்காரர் கூவினார். டிலக்ஷியின் முதுகு நிமிர்ந்தது. உதட்டைக் கடித்தது மறந்து போயிற்று. இரண்டு கடை தாண்டியதும் பைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"டிலக்ஷி, எனக்கு இப்ப துவங்கிட்டுது."

"என்ன?"

"வயித்தெரிச்சல்."

டிலக்ஷி நின்றாள். யோசித்தாள். பையைக் கழற்றினாள். தலைப்பிடியைத் தான் பிடித்துக்கொண்டு, அடிப்பிடியை அமலினியின் கையில் கொடுத்து, அவளைத் தன் பக்கத்துக்கு இழுத்தாள்.

"இப்பிடிப் போவம். ரெண்டு பேரும் முன்னுக்கு."

நீளமான பை தெருவின் குறுக்கே ஆடியாடிப் போனது. ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. தோடம்பழ வண்டி நின்றது. மீன்காரர் பெட்டியோடு நின்றார். "அடியே, ஆக்களுக்கு வழியை விடுங்கோடி!" என்று அம்மா பின்னாலிருந்து கத்தினார்.

பல்லரோச் சந்தை முழுவதும் அமலினியையும் டிலக்ஷியையும்தான் நின்று பார்த்தது. பார்க்காமல் என்ன செய்வது? இரண்டு பாஸிஸ்தாக்களைத் தாண்டி யாருமே போக முடியவில்லையே!