காய்க்காத ருமானி மரம்

“வெட்டுண்ணே! வெட்டித் தொலை! பில்டருக்கு ஒரு வேலை மிச்சம்!”

தினகரன் போட்ட சத்தத்தில் தையல்நாயகியின் கையிலிருந்த முறம் நின்றது. கொழுந்தன் சொல்லவேண்டிய வசனம் இதுவல்ல.

பெருங்களத்தூருக்குப் பின்னால் அந்த மாந்தோப்பில் மார்கழிதோறும் நடக்கிற கூத்துதான். காய்க்காத மரத்தின்முன் அவள் புருஷன் தட்சிணாமூர்த்தி கோடாலியை ஓங்குவார். தம்பி குறுக்கே விழுந்து, ‘வேணாண்ணே, அடுத்த வருசம் காய்க்கும்’ என்பான். மரம் பயந்து பூக்குமாம். மூன்று வருடமாக மழை பொய்த்து, எழுநூறு அடி போரும் காற்றைக் கக்கி, நாற்பது மரத்தில் முப்பத்தொன்பது விறகாகிவிட்டன. மிச்சம் இந்த ருமானி. தோப்பை விற்கத் துடித்த தம்பி இந்த வருடம் கெஞ்சவில்லை. தெருவே அன்று ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. இல்லாவிட்டால் வேலியோரம் நாலு தலையாவது நின்றிருக்கும்.

நடுப்பகல் வெயிலில், ஒரு பூகூட இல்லாத மரத்திலிருந்து பழுத்த மாம்பழ வாசனை வந்தது. ஈரமாக, கனமாக, தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கிற வாசனை. அணைத்துவைத்த மோட்டார் எங்கோ மூச்சிழுத்தது.

அண்ணன் மெள்ளத் திரும்பினார். கோடாலி இப்போது தம்பியின் தலைக்கு மேலே.

“இன்னாண்ணே, ஜோக்கா?”

“நீயுந்தான் கல்யாணமாயி ஏழு வருசமா காய்க்கல. உனுக்கு மட்டும் இன்னாத்துக்குடா தண்ணி?”

தினகரன் சுருள்முடியைக் கோதிக்கொண்டே சிரித்தான். அவன் பெண்டாட்டி அனுப்பிரியா உள்ளே மிக்சி ஓட்டிக்கொண்டிருந்தாள். கெஞ்ச ஆள் தையல்நாயகி ஒருத்திதான். வேணாங்க. ஒரே வார்த்தை. வாயைத் திறந்தாள். வாசனை உள்ளே போனது. குரல் வரவில்லை.

அவர் அவளையே பார்த்தார். காத்திருந்தார்.

இறங்கியது.

மறுபடி. மறுபடி. எலும்புக்கும் விறகுக்கும் ஒரே சத்தம். வேரடியில் ரத்தம் தேங்கவில்லை. மண் நனையக்கூட இல்லை. கிளைநுனியில் ஒரு பூங்கொத்து பிளந்து வந்தது. பிறகு நூறு.

போலீஸ் ஜீப்பில் ஏறும்போதும் தட்சிணாமூர்த்தி மரத்தை அண்ணாந்து பார்த்து, “பாத்தியா?” என்றாராம்.

அனுப்பிரியா மறுகல்யாணமாகப் பொத்தேரிக்காரர் மோகன்ராஜைக் கட்டிக்கொண்டு போனாள். தெருவில் நாங்கள் யாரும் குறை சொல்லவில்லை, கொஞ்சம்தான் சொன்னோம். தையல்நாயகி பள்ளிக்கரணையில் தங்கை வீட்டோடு போய்விட்டாள். நாலாவது மாடி. வைகாசியில் ஒருநாள் கதவைத் திறந்தால், வாசலில் ஒரு ருமானி. எடுத்தால் உடம்புச் சூடு. அரிவாள்மனையில் வைத்துப் பிளந்தாள். நாருக்குப் பதில் கறுப்பு முடி, ஈரமாய், சுருள்சுருளாய். கொட்டை இருக்கவேண்டிய இடம் மெள்ள ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.