பின்வரிசைக் கம்பளி

பூட்டைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் கிருஷாந்தியின் கண்ணில் பட்டது, ஆணியில் தொங்கிய கருப்புக் கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்டுவதுதான். மழை பெய்து ஒரு வாரமாகிறது. கூரையும் ஒழுகவில்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் தலையோடு போர்த்திக்கொள்ளும் கம்பளி அது. வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவாக இந்த அறை இருந்த காலத்திலிருந்தே அங்கே தொங்குகிறது. யாருடையது என்று கேட்டால் லயத்து வீடுகளில் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இப்போது அது வீடியோ வகுப்பறை. சுவரில் திரை, அதன்மேல் கேமரா, மேசையில் மைக். பிரதாப் சார் கொழும்பிலிருந்து பாடம் நடத்துவார். பொகவந்தலாவைக்கு மேலே, இந்தத் தோட்டத்தில், கிருஷாந்தியும் ஷாமிலாவும் கேட்பார்கள். இரண்டு பேராவது கேமராவில் தெரிய வேண்டும். போன வாரம் ஒருத்திதான் இருந்தாள், இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். இன்னொரு தடவை அப்படி நடந்தால் இந்தப் படிப்பு நிலையத்தையே மூடுவதாக அறிவித்தும்விட்டார்கள். மூடினால் படிப்பு போச்சு. மறுபடி கொழும்புத் துணிக்கடை வேலை, நின்று நின்று வீங்கும் கால்கள்.

போன் அடித்தது. ஷாமிலா.

"அடியே, பஸ்சு நோர்வூட்லயே நிக்குதுடி. ரோட்ல மரம் விழுந்து கெடக்கு."

"ஐயோ, இன்னைக்கு மூடிருவாங்கடி!"

"அந்தக் கம்பளி இருக்குல்ல? எடுத்து நாற்காலில போத்தி வையி. என் அழகு வராது, ஆனா ஆள் மாதிரி தெரியும்."

கிருஷாந்திக்குச் சிரிப்பு வந்தது. பின்வரிசை நாற்காலியில் விளக்குமாற்றை நிமிர்த்திக் கட்டி, கம்பளியைத் தலையோடு போர்த்தினாள். விரல்களில் ஈரக் கம்பளி வாடையோடு புளித்த பாலின் வாடையும் ஒட்டிக்கொண்டது. வெளியே பனிமூட்டம் தேயிலைச் சரிவைத் தின்றுகொண்டே ஏறி வந்து, சாயங்கால வெளிச்சத்தையும் துடைத்து, ஜன்னல் கண்ணாடியில் அப்பிக்கொண்டது.

திரை உயிர்பெற்றது. மூலையில் சின்னக் கட்டத்தில் அவள் அறை தெரிந்தது. அந்தப் படம் கொழும்புக்குப் போய்த் திரும்பி வருவதால் ஒரு மூச்சு பிந்தித்தான் அசையும்.

"பொகவந்தலாவை, பின்னால யாரு? ஷாமிலாவா?"

"ஆமாங்க சார். காய்ச்சல், அதான் போத்திருக்கா."

"மூஞ்சியே தெரியலையேம்மா. கையைத் தூக்கச் சொல்லுங்க பார்ப்போம்."

கிருஷாந்தி மைக்கை அருகே இழுத்தாள். உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் நிலையம் போகும். பேசுவதற்கான பொத்தானை அழுத்தியபடியே அவள் வாயைத் திறந்தாள்.

"சரி, சரி. போதும், இறக்குங்க," என்றார் சார்.

கட்டத்தைப் பார்த்தாள். பின்வரிசையில் ஒரு கை மெல்லத் தாழ்ந்துகொண்டிருந்தது. விரல்கள் கொழுந்துக் கறையேறிக் கறுத்திருந்தன.

பாடம் தொடங்கியது. ஒரு சொல்லும் அவள் காதில் ஏறவில்லை. எழுந்து ஓடலாம். ஓடினால் கேமராவில் தெரியும். இன்னும் கொஞ்ச நேரம். அசையாமல் இருந்துவிட்டால் போதும். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டிற்று. சொட்டு. சொட்டு. பிறகு நின்றது.

மறுபடி கேட்டபோது, பக்கத்தில் கேட்டது.

திரும்பவில்லை. கட்டத்தை மட்டும் பார்த்தாள். பின்வரிசை நாற்காலியில் விளக்குமாறு மட்டும். கம்பளி இல்லை.

அவள் நாற்காலிக்குப் பின்னால் கருப்பாக ஒன்று நின்றது. குனிந்துகொண்டிருந்தது.

ஒரு மூச்சு பிந்தி வரும் படம்.

அதாவது, ஏற்கனவே.

தலைமேல் ஈரம் இறங்கியது. கண் மறைந்தது. கம்பளி. பால் வாடை.

"பொகவந்தலாவை," சாரின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. "இப்ப ஏன் ஒருத்தர்தான் தெரியுறீங்க? கிருஷாந்தி எங்கம்மா?"

மைக்கின் பொத்தான் அழுந்தும் சத்தம். கம்பளிக்குள்ளே ஒரு கை அவள் முதுகை மெல்லத் தட்டிக்கொடுக்கத் தொடங்கியது, பிள்ளையைத் தூங்க வைப்பதுபோல.