பாதிரியார் வைத்த பெயர்

பாண்டிருப்புக் கடற்கரைப் பக்கம் ஒரு பழைய மிஷன் பங்களா விலைக்கு வந்திருந்தது. அதைப் பார்க்க, சாய்ந்தமருதிலிருந்து றிம்சான் தன் மனைவி ஷாஹினாவையும் ஐந்து வயது மகள் றிபாவையும் கூட்டிக்கொண்டு நண்பகல் லுஹர் தொழுத கையோடு வந்தான். வீட்டுக்காரர் கந்தப்போடி சாவியைக் கொடுத்துவிட்டு வேலியோரமே நின்றுகொண்டார்.

"இத ஆரு கட்டின அண்ணன்?"

"மக்றே பாதிரியார் எண்டு ஒரு வெள்ளக்காரன்."

மிச்சத்தை அவர் சொல்லவில்லை.

ஸ்கொட்லாந்திலிருந்து வந்த அந்தப் பிரெஸ்பிட்டேரியன் பாதிரியார் ஆரம்பத்தில் நல்லவராகத்தான் இருந்தார். பள்ளிக்கூடம் வைத்தார். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார். தட்டுத்தடுமாறித் தமிழில் பிரசங்கமும் செய்தார். வாந்திபேதி பரவிய வருடம் அவருடைய ஒரே மகள் ஆக்னஸ் செத்துப்போனாள். பிறகு, தாய் தகப்பனைப் பறிகொடுத்த பெண் பிள்ளைகளைக் கூட்டி வந்து பங்களாவுக்குள் வைத்துப் பூட்டினார். எல்லாருக்கும் ஆக்னஸ் என்றே பெயர் வைத்தார். அந்தப் பெயருக்கு "ஓம்" என்ற பிள்ளைக்குத் தண்ணீர் கிடைத்தது. தன் பெயரை விடாத பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. நாக்கு வீங்கிக் கிடந்த பிள்ளைகளின் முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்து, நிறைந்த கோப்பையைக் கையில் ஏந்தியபடி, கண்ணீர் வடிய அவர்களுக்காக ஜெபம் செய்தார். அந்தப் பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தாகத்தில் செத்தன.

வெளியே வெயில் தகித்தது. உள்ளே ஈரச் சுண்ணாம்பின் வாடை. நனைந்த கம்பளித் துணியின் வாடையும் கூட.

"உம்மா, தண்ணி" என்றபடி றிபா பின்னறைக்குள் ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் யாரோடோ கதைக்கும் சத்தம் கேட்டது.

"என்ட பேர் றிபா."

அமைதி.

"இல்ல. றிபா."

மறுபடி அமைதி. இம்முறை நீண்டது.

"ஓம்."

ஷாஹினா ஓடிப்போய்ப் பார்த்தாள். வெறும் அறை. பிள்ளை சுவரைப் பார்த்து நின்றது. தலைமுடி நனைந்திருந்தது. நாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"றிபா!"

பிள்ளை திரும்பவில்லை.

அன்றிலிருந்து அவள் தொண்டையில் ஒரு சொட்டு இறங்கவில்லை. ஊட்டிய தண்ணீரெல்லாம் கடைவாய் வழியே வழிந்தது. ஆஸ்பத்திரியில் ஏற்றிய சேலைன் ஊசி குத்திய இடத்தால் திரும்பி வந்து படுக்கையை நனைத்தது. டொக்டர்மார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மறுநாள் பின்னேரம், வெடித்த உதடுகளை அசைத்து அவள் சொன்னாள்:

"நான் ஆக்னஸ்."

றிம்சான் கந்தப்போடிக்குப் போன் எடுத்தான்.

"அந்தப் பேரச் சொல்லிக் குடுங்க தம்பி. குடிக்கும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

கந்தப்போடி குரலைத் தாழ்த்தினார்.

"என்ட மூத்தவளுக்கு நாங்க சொல்லல்ல. பிடிவாதமா இருந்திட்டம். தாகத்திலயே போயிட்டாள்."

"தெரிஞ்சும் ஏன் எங்கள உள்ள விட்டீங்க?"

"அது அடுத்த புள்ளயக் கேட்டுக்கொண்டிருந்திச்சி" என்றார் கந்தப்போடி. "எனக்கு இன்னொரு மகள் இருக்காள் தம்பி."

போன் துண்டிக்கப்பட்டது.

ஷாஹினா கோப்பையை விடவில்லை. "என்ட புள்ளைட பேர் றிபா. நான் வெச்ச பேர். குடி மகள், றிபா, குடி…" தண்ணீர் கழுத்தால் ஓடித் தலையணையை நனைத்தது. பிள்ளையின் கண்கள் உள்ளே போய்விட்டிருந்தன. மூச்சு, காய்ந்த ஓலை உரசுவதுபோல் வந்தது.

பிறகு அதுவும் இடைவெளி விடத் தொடங்கியது.

றிம்சான் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

ஷாஹினா குனிந்து மகளின் காதில் வாயை வைத்தாள். சொல்வதற்கு முன் ஒருமுறை விம்மினாள்.

"ஆக்னஸ்."

"ஓம்" என்று பிள்ளை கண் திறந்தது. கோப்பையைப் பறித்து மடக் மடக்கென்று குடித்தது.

கட்டிலுக்கு அடியிலிருந்து இன்னொரு பிள்ளை "ஓம்" என்றது.

திரைக்குப் பின்னாலிருந்து இன்னொன்று. கதவோரத்திலிருந்து இன்னொன்று. ஆஸ்பத்திரி வோட்டு முழுக்க, தாகத்தோடு, ஒவ்வொன்றாக.