ஏ கிரேடு பாம்புக்குட்டி

எங்கள் சாச்சாவுக்கு எதைப் பார்த்தாலும் முதலில் தோல்தான் கண்ணில் படும். ஆரஞ்சுப் பழத்தைக் கையில் கொடுத்தால் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "இங்க ஒரு கீறல். பி கிரேடு," என்பார். ஒருநாள் அம்மி (என் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) சுட்ட தோசைக்கு சி கிரேடு கொடுத்துவிட்டு, டிபன் இல்லாமலே வேலைக்குப் போனார்.

பாவம், அவர் வேலை அப்படி. ஷாஹித் சாச்சா என் அப்பாவின் தம்பி. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் செலக்டர். மேசைமேல் விரித்த தோலைத் தடவிப் பார்த்து, கீறல், தழும்பு, பூச்சிக்கடி எல்லாம் கண்டுபிடித்து, பின்பக்கம் சாக்பீஸால் ஏ, பி, சி என்று எழுத வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் இன்னொரு வேலை. மாடி அறையில் பாம்பு வளர்க்கிறார்.

ஓடாதீர்கள்! நம் ஊர் மலைப்பாம்பை வீட்டில் வளர்க்கக் கூடாது, அது எங்களுக்கும் தெரியும். இவை ஆப்பிரிக்க வகை, பந்து மலைப்பாம்புகள். விஷம் கிடையாது. பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும், அவ்வளவுதான். எல்லாவற்றையும் சாச்சா முறைப்படி பதிவு செய்திருக்கிறார். அவற்றின் சாப்பாட்டுக்கு மாடியில் ஒரு குட்டி ஃப்ரிட்ஜும் உண்டு. ஐஸ்கிரீம் இருக்குமோ என்று அம்மி ஒரு தடவை அதைத் திறந்தார். அதற்குப் பிறகு மாடிப்பக்கமே போவதில்லை.

எந்த ஆணையும் எந்தப் பெண்ணையும் சேர்த்தால் எந்த நிறத்தில், எந்தக் கோடுகளோடு குட்டி வரும் என்று பார்ப்பதில் சாச்சாவுக்கு அப்படி ஓர் ஆசை. இந்த முறை சுல்தான் என்ற ஆண் பாம்பு அப்பா. ஆறு முட்டை. இரண்டு மாதம் காத்திருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை முட்டைகளில் கீறல் விழுந்து, ஆறு குட்டி மூக்குகள் எட்டிப் பார்த்தன.

"அம்பரீன், சாக்பீஸ் எடுத்துக்கிட்டு வா!" என்று என்னைக் கூப்பிட்டுக் கத்தினார் சாச்சா.

குட்டிகள் முழுசாக வெளியே வந்ததும் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்து, பெட்டி மூடியில் எழுதினார். பி. பி. சி. பி. சி. கடைசிக் குட்டியைப் பார்த்ததும் வாயைத் திறந்தவர் மூடவே இல்லை. தேன் நிறம். அதன்மேல் மெல்லிசான கறுப்புக் கோடுகள், பேனாவால் வரைந்ததுபோல.

"ஏ கிரேடு!" என்றார். "பதினோரு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு தோலைப் பாத்ததில்ல, பேட்டா!"

உடனே வாலாஜாபேட்டை சூரியபிரகாஷ் அண்ணனுக்கு போன் போட்டார். அவரும் பாம்பு வளர்ப்பவர். இப்படி ஒரு குட்டிக்காகத்தான் காத்திருந்தார். நாலு தடவை நன்றாகச் சாப்பிட்ட பிறகுதான் குட்டியைக் கொடுப்பது சாச்சாவின் வழக்கம். அடுத்த மாதம் வருவதாகப் பேச்சு.

மற்ற ஐந்தும் லபக் லபக் என்று சாப்பிட்டன. ஏ கிரேடு மட்டும் சாப்பிடவில்லை.

எல்லாரும் பார்க்கட்டும் என்று அதைக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியில் வைத்திருந்தார் சாச்சா. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். சாச்சா இடுக்கியில் எலிக்குஞ்சைப் பிடித்து ஆட்டுவார். குட்டி பாயும். ஆனால் குறி தப்பி, பக்கத்துக் கண்ணாடியில் இடித்துக்கொள்ளும்.

"திமிரு! அழகா இருக்குதில்ல, அதான்," என்றார் சாச்சா.

மூன்று வாரமாயிற்று. குட்டியின் முதுகெலும்பு தெரிய ஆரம்பித்தது. இப்படியே போனால் அது செத்துப்போகும் என்று எனக்குப் புரிந்தது. வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். அது தலையைத் தூக்கினால் தலை நேராக நிற்கவில்லை. இப்படியும் அப்படியும் ஆடியது. அம்மி சமையலறையில் மிக்ஸி போட்டதும் இன்னும் ஜாஸ்தியாக ஆடி, திருகிக்கொண்டு, மேலே பார்த்தது. மிக்ஸி நின்றதும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

மறுநாள் காலையில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த சாச்சாவிடம் சொன்னேன். "சாச்சா, அதுக்கு உடம்புல ஏதோ குறை இருக்குது."

"குறையா? இன்னா பேசுற? ஒரு புள்ளி காட்டு பாக்கலாம்!"

"தோல்ல இல்ல சாச்சா. தலை ஆடுது."

"தோல் சுத்தமா இருக்குது. நான் கையால தடவிப் பாத்தவன்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "ஃபேக்டரியில தோல் மேசைமேல சும்மா கிடக்கும்! இது உயிரோட நகருது. நீங்க அது நகருறதைப் பாத்தீங்களா?"

சாச்சா ஒற்றை ஷூவோடு அப்படியே நின்றார். தொட்டியைப் பார்த்தார். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. "இன்னிக்கு லீவுதானே உனக்கு? நீயே ஏதாவது செஞ்சு பாரு, பேட்டா," என்று மெதுவாகச் சொன்னார். போகும்போது தொட்டியை மாடி அறைக்கு மாற்றும்படி அப்பாவிடம் சொன்னார்.

ஆம்பூரில் எங்கள் வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் ஷூ பெட்டிக்கு வராது. ஒன்றை எடுத்து, ஓரத்தில் வாசல் வெட்டி, தொட்டிக்குள் கவிழ்த்து வைத்தேன். உள்ளே காகிதத்தைக் கசக்கிப் போட்டேன். குட்டி இருட்டுக்குள் புகுந்து சுருண்டுகொண்டது. ஃப்ரிட்ஜில் இருந்த எலிக்குஞ்சை அப்பா வெந்நீரில் போட்டுச் சூடாக்கிக் கொடுத்தார். நான் அதை ஆட்டவில்லை. வாசலில் சும்மா வைத்து, தொட்டியை மூடினேன்.

பிறகு நேர் கீழே இருந்த சமையலறைக்குப் போனேன். "அம்மி, ஒரு மணி நேரம் மிக்ஸி போடாதீங்க."

"சட்னிக்கு?"

"இன்னிக்குப் பொடி தொட்டுக்கலாம் அம்மி. ப்ளீஸ்."

"ஒரு பாம்புக்காக என் சமையலே நிக்கணுமா? நல்லா இருக்குது கதை!" என்றார் அம்மி. ஆனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

மாடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துப்போயிற்று. ஒரு சின்ன மூக்கு வாசலில் தெரிந்தது. தலை ஆடியது. எலிக்குஞ்சைத் தாண்டிப் போயிற்று. திரும்பி வந்தது. மறுபடி தாண்டிப் போயிற்று. 'இங்கதான், இங்கதான்' என்று மனசுக்குள் கெஞ்சினேன். மூன்றாம் தடவை மூக்கு அதன்மேல் பட்டது. வாய் திறந்தது.

சாப்பிட்டுவிட்டது! சத்தம் போட முடியாமல் என் பாவாடையைக் கடித்துக்கொண்டு குதித்தேன்.

சாயங்காலம் சாச்சா வந்து குட்டியின் வயிற்றில் இருந்த மேட்டைப் பார்த்தார். என் தலையைத் தடவினார். அப்புறம் சுல்தானை எடுத்துத் தரையில் விட்டு, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சுல்தான் தலையைத் தூக்கியது. லேசாக, ரொம்ப லேசாக, அந்தத் தலையும் ஆடியது.

"ரெண்டு வருஷமா வெச்சிருக்கேன்," என்றார் சாச்சா. "கோட்டைத்தான் பாத்தேன். அந்தக் கோட்டோட இந்த ஆட்டமும் வருது."

குட்டி நாலு தடவை சாப்பிட்ட பிறகு சூரியபிரகாஷ் அண்ணன் வந்தார். அவர் தொட்டியைத் திறப்பதற்கு முன்பே சாச்சா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"அதனால இன்னா பாய்? இந்த டிசைன் கிடைக்குமா? இதை வெச்சு நிறைய குட்டி எடுக்கலாம்."

நான் தொட்டி மூடிமேல் கை வைத்துக்கொண்டேன்.

"வேணாம் தம்பி," என்றார் சாச்சா. "ஆடுற தலையோட இன்னும் பத்துக் குட்டி எதுக்கு? சுல்தானுக்கும் இனிமே ஜோடி கிடையாது. இது எங்க வீட்டுலயே இருக்கட்டும். உனக்கு வேற குட்டி காட்டுறேன். முதல்ல அது நகருறதைப் பாரு."

அண்ணன் தரையில் உட்கார்ந்து ஒரு பி கிரேடுக் குட்டியை விட்டார். அது நேராகப் போய் அவர் சட்டைக் கைக்குள் புகுந்துகொண்டது. "அட, தோஸ்த்!" என்று சிரித்தார். அதையே எடுத்துக்கொண்டு போனார்.

சாச்சா குட்டியின் பழைய பெட்டி மூடியில் தான் எழுதியிருந்த 'ஏ'யைக் கையால் அழித்துவிட்டு, சாக்பீஸை என்னிடம் நீட்டினார். நான் எழுதினேன்: ஊஞ்சல்.

எங்கள் மாடி அறை சமையலறைக்கு நேர் மேலே இருக்கிறது. இப்போதெல்லாம் ஊஞ்சலுக்குச் சாப்பாடு வைக்கும் நாளில், காலையில் சட்னிக்குத் தேங்காயைப் போட்டுவிட்டு, படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்று அம்மி கத்துவார்.

"அம்பரீன்! ஊஞ்சல் சாப்ட்டு முடிச்சுதா? நான் மிக்ஸி போடட்டுமா?"