சக்கரத்துக்கும் குளிர் எடுக்கும்

"இன்னைக்கும் வண்டி மேட்டுல ஏறலைன்னா, இசொகாய் தாத்தாவைக் கீழே அவரோட தங்கச்சி வீட்டுக்கே அனுப்பிடுவாங்களாம்" என்றாள் அம்மா.

கொனோமிக்குப் பகீரென்றது. "அப்போ குரோ?"

"அந்த வீட்ல நாய் வளர்க்கக் கூடாதாமே."

கொனோமியின் அம்மா சுமியே, தனியாக வாழும் பெரியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும் வண்டியை ஓட்டுபவள். ஜப்பானின் ஹொக்கைடோவில் அவர்கள் ஊரின் மேட்டு உச்சியில், கடைசி வீடு இசொகாய் தாத்தாவுடையது. இரண்டு நாளாக மேட்டு வளைவில் வண்டி வழுக்கித் திரும்பி வந்துவிட்டது. பனி தள்ளும் வண்டிக்காரர்தான் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதுவும் ஆறிப்போய்.

பள்ளி விடுமுறை என்பதால் இன்று கொனோமியும் உடன் வந்திருந்தாள்.

மேட்டின் அடியில் அம்மா வண்டியை நிறுத்தி, ஏறும் பாதையையே பார்த்தாள். கொனோமி சட்டென்று கீழே குதித்தாள். அங்கே சாலையோரம் வழிப்போக்கரைக் காக்கும் சாமியான ஜிசோ, சிவப்புத் துணி கட்டிய கல் சிலையாக நின்றிருந்தார். அவர் தலையில் ஒரு முழம் பனி.

"ஏய், நேரமாச்சுடி! சாமிக்குத் தொப்பி அப்புறம் கழட்டலாம்."

"பாவம்மா, குளிரும்ல?"

பனியைத் துடைத்துவிட்டு, கைகூப்பிக் குனிந்தவள் கண்ணில் வண்டியின் சக்கரம் பட்டது. அது தரையோடு பிதுங்கி உட்கார்ந்திருந்தது.

அம்மாவும் இறங்கி வந்தாள். "டயர்ல கொஞ்சம் காத்தை இறக்கிப் பாக்கறேன். டயர் தட்டையா இருந்தா பனியை நல்லாப் பிடிக்கும்னு எங்கப்பா சொல்வார்."

"வேண்டாம்மா, இரு! நம்ம வாசல்ல இருக்கற பந்து காலையில மோச்சிக் கொழுக்கட்டை மாதிரி கொழகொழன்னு கிடக்குமே. அடுப்புப் பக்கத்துல வெச்சா மத்தியானத்துக்குள்ள கிண்ணுன்னு ஆயிடும். யாரும் காத்தடிக்கறதில்ல. குளிர்ல காத்து சுருங்கிடுதும்மா. டயர் ஏற்கெனவே தட்டைதான், அதான் வளைவுல நெளிஞ்சு வழுக்குது."

"போன வாரம்தானே பட்டறைக்கார ஹோரிகோமே அளந்தார்? வண்டிக் கதவுல எழுதியிருக்கற காத்தளவு, இருநூத்தி நாப்பது, சரியா இருந்துச்சே."

"அளந்தப்போ அவர் என்ன போட்டிருந்தார்?"

அம்மா யோசித்தாள். சிரிப்பு வந்துவிட்டது. "பனியன்! அடுப்பு எரியற பட்டறைக்குள்ள நின்னு வேர்வையைத் துடைச்சிட்டிருந்தார்."

"இங்க மைனஸ் பதினெட்டு!"

அம்மா மீட்டரை வைத்து அளந்தாள். இருநூறுதான் காட்டியது. நான்கு சக்கரங்களிலும் அதே கதை.

வண்டியில் இருந்த சின்னப் பம்ப் 'ர்ர்ர்' என்று உறுமியது. கொனோமி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருநூற்று நாற்பது வந்ததும், "போதும்" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் அடிக்கட்டுமா?"

"ஐயோ, ரொம்பக் கெட்டியான பந்து எப்படித் துள்ளும்னு தெரியாதா? எழுதியிருக்கறதே போதும்மா."

வண்டி மெதுவாக மேடேறியது. வளைவு வந்ததும் கொனோமி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அம்மா திருப்பிய பக்கமே வண்டி திரும்பியது. வழுக்கவில்லை. மேலே குரோ குரைப்பது கேட்டது.

இசொகாய் தாத்தா பெட்டியை இரு கைகளாலும் வாங்கி, கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "அட, சுடுதே!"

"என் மெக்கானிக் வந்திருக்கா" என்று அம்மா கொனோமியைக் காட்டினாள். தாத்தா குனிந்து வணங்கினார். குரோ கொனோமியின் மூக்கை நக்கியது.

அம்மா அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னாள்: "மேட்டு வீட்டுச் சாப்பாடு சேர்ந்தாச்சு. நாளைக்கும் நான் வருவேன். அவர் எங்கேயும் போக வேண்டாம்."

அடுத்து ஹோரிகோமேவை அழைத்தாள். "ஹோரிகோமே சான், இனிமே டயர்ல காத்தை வெளிய வெச்சு அளங்க."

"இந்தக் குளிர்லயா? நானே சுருங்கிடுவேனே!"

திரும்பும் வழியில் மறுபடி பனி கொட்டத் தொடங்கியது. மேட்டின் அடியில் வண்டி தானாக நின்றதுபோல் நின்றது. கொனோமி கதவைத் திறப்பதற்குள் அம்மா இறங்கிப் போய், தன் கையுறையால் ஜிசோவின் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.